ஓர்த்தாவில் ஒரு கரைநாள்: அட்லாண்டிக் நடுவே நின்று கிளம்பும் பாய்மரப் படகுக்கு முழு வழிகாட்டி

பெர்முடாவிலிருந்து கிளம்பும் பாய்மரப் படகு கிழக்கே ஏறக்குறைய 1800 கடல்மைல் ஓடி, போர்த்துகலின் அசோர்ஸ் தீவுக் கூட்டத்தில் ஃபயால் தீவில் உள்ள ஓர்த்தா துறையைச் சேரும். சராசரி 5 நாட் வேகம் (மணிக்கு 5 கடல்மைல்) என்றால் 15 நாள். அங்கிருந்து லிஸ்பன் 1000 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு. இங்கிலாந்தின் ஃபால்மத் 1200 முதல் 1300 வரை. நடுக்கடலில் அசோர்ஸை விட்டால் வேறு துறைகள் இல்லாததால் கரீபியனிலிருந்து ஐரோப்பா திரும்பும் படகுகளில் பெரும்பகுதி மே, ஜூன் மாதங்களில் இங்கேதான் வந்து நிற்கும். இங்குள்ள மரினா (படகுகள் கட்டி நிற்கும் துறை) திறக்கப்பட்டது 1986-இல். (ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்து 'ஹெச்'. போர்த்துகீசியத்தில் அது ஒலிக்காது. வானொலியில் கூப்பிடும்போது 'ஓர்த்தா மரினா' என்றே சொல்லுங்கள்.)

வானிலை நல்ல வாய்ப்புத் தந்தால் பலர் ஒரே நாளில் கிளம்ப நினைப்பார்கள். முடியும், ஆனால் வரிசை தவறினால் முடியாது. அடுத்தவர் கடிகாரத்தில் நடக்கும் வேலைகளை முதலில் கையிலெடுங்கள்: அலுவலகம், எரிவாயு, சலவை, உதிரிபாகக் கடை. நம் கையால், நம் படகில் செய்யும் வேலைகளுக்கு மாலையும் உண்டு, இரவும் உண்டு. களைப்போடு வந்தவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் படகைக் கழுவுகிறார்கள், மதியம் கடைக்குப் போனால் கதவு சாத்தியிருக்கிறது.

முந்தைய நாளே, கடலில்

கரைநாள் தொடங்குவது தீவு கண்ணில் படுவதற்கு முன்பே. முதலில் கடிகாரம். கோடையில் அசோர்ஸ் நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்று. பெர்முடாவை விட 3 மணி நேரம் முன்னால். பயணத்தில் ஐந்து நாளுக்கு ஒரு மணி என்று படகின் கடிகாரத்தை முன்னே தள்ளி வந்தால் தூக்கமும் பழகிவிடும். மாற்றாமல் வந்தவர்கள் 'இன்னும் காலை பத்துதான்' என்று நினைத்துக்கொண்டு மதியம் ஒரு மணிக்கு அலுவலக வாசலில் நிற்பார்கள்.

பிறகு அளவெடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் எத்தனை லிட்டர் மிச்சம், டீசலை அளவுகோல் விட்டுப் பார்த்தால் எவ்வளவு, எரிவாயு உருளையைக் கைத்தராசில் தூக்கினால் எத்தனை கிலோ. உடைந்தது, தேய்ந்தது, கசிவது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பம்ப் கெட்டிருந்தால் 'பம்ப் வேண்டும்' என்று எழுதிப் பயனில்லை. மாடல் எண்ணை ஒளிப்படம் எடுங்கள், குழாயின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். தீவுக் கடையில் தவறான அளவை வாங்கி வந்தால் மாற்றப் போய்வர அரைநாள் போகும்.

துணிகளை மூட்டை கட்டுங்கள், குப்பையைத் தனிப் பையில் கட்டுங்கள். கப்பலின் பதிவுச் சான்று, காப்பீடு, கடவுச்சீட்டுகள், பணியாளர் பட்டியல், கடைசித் துறையில் வாங்கிய புறப்பாட்டுச் சீட்டு ஆகியவை ஒரே நீர்புகாப் பையில் இருக்கட்டும். கட்டுகயிறு நான்கும், மோதலைத் தாங்கப் படகோரம் தொங்கவிடும் ஃபென்டர் குறைந்தது ஆறும் இரு பக்கத்துக்கும் மாற்றும்படி தயாராக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் கட்டச் சொல்வார்கள் என்பது கடைசி நிமிடத்தில்தான் தெரியும்.

வந்து கட்டுவது

ஃபயாலுக்கும் எதிரே நிற்கும் பிக்கோ தீவுக்கும் நடுவே பயணிகள் படகுகள் போய்வரும் நீரிணை உண்டு. அதைக் கடந்து அலைதடுப்புச் சுவரைச் சுற்றும் முன் வி.எச்.எஃப். வானொலியின் அலைவரிசை 10-இல் மரினாவைக் கூப்பிடுங்கள். வலப்பக்கம் மஞ்சள் கொடி பறக்க வேண்டும். இரவில் வந்தால், அனுமதி கேட்டுத் துறைக்குள் நங்கூரம் போட்டு விடியும்வரை காத்திருப்பது நல்லது. அறிமுகமில்லாத துறையில், தூக்கமில்லாத கண்ணோடு, அடுக்கி நிற்கும் படகுகளுக்குள் நுழைவது அந்த இரவின் மிக ஆபத்தான வேலை.

முதலில் அலுவலகத்தின் கீழுள்ள வரவேற்பு மேடையில் கட்டச் சொல்வார்கள். மரினா, சுங்கம், குடிநுழைவு மூன்றையும் முடிக்கும்வரை மஞ்சள் கொடி இறங்கக் கூடாது, மற்றவர்கள் ஊருக்குள் போகக் கூடாது. முடிந்ததும் அதே இடத்தில் போர்த்துகல் கொடியை ஏற்றுங்கள்.

அசோர்ஸ், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் வருகிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பணியாளராகச் சேர்வதானால் ஷெங்கன் விசாவைப் பயணம் தொடங்கும் முன்பே கையில் வைத்திருக்க வேண்டும். அடுத்த துறை இங்கிலாந்து என்றால் அதற்கு வேறு விசா வேண்டும். ஓர்த்தாவை விட்டுக் கிளம்பும்போது ஷெங்கனிலிருந்து வெளியேறிய பதிவும் வேண்டும். அந்தப் பதிவை வாங்கும் அலுவலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதை உள்ளே வரும்போதே கேளுங்கள். கேட்காமல் விட்டால், காற்று சரியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் படகு கட்டிக் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான, வெளியே வசிப்பவருக்குச் சொந்தமான படகு வரி கட்டாமல் 18 மாதம் வரை ஒன்றியத்துக்குள் இருக்கலாம். அந்தக் கணக்குக்கு நுழைந்த தேதியின் சான்று முக்கியம், தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

பருவத்தில் தனி இடம் கிடைப்பது அரிது. சுவரோரம் மூன்று நான்கு படகுகள் பக்கத்தில் பக்கம் கட்டி நிற்கும். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பக்கத்துப் படகின் மாஸ்ட்டும் (பாயைத் தாங்கும் கம்பம்) நம் மாஸ்ட்டும் நேருக்கு நேர் நிற்கக் கூடாது. துறைக்குள் ஊசலாட்டம் வந்தால் இரண்டு படகும் எதிரெதிராகச் சாயும். மேலே மாஸ்ட்டின் குறுக்குக் கைகளான ஸ்ப்ரெடர்கள் ஒன்றோடொன்று மாட்டி உடையும். ஒரு மீட்டராவது முன்னோ பின்னோ நகர்த்திக் கட்டுங்கள். இரண்டு, பக்கத்துப் படகில் மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அணியத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் ஒவ்வொரு கயிறு நேராகக் கரைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நான்கு படகின் எடையும் உள்ளே நிற்கும் ஒரு படகின் கொக்கியில் தொங்கும். கரைக்குப் போகும்போது அடுத்தவர் படகின் முன்தளம் வழியாக நடங்கள், பின்னால் இருக்கும் சுக்கான் தளத்தை மிதிக்காதீர்கள். அது அவர்கள் வீட்டுக் கூடம்.

காலை: மூட்டையைக் கைமாற்றும் நேரம்

முதலில் எரிவாயு. நிரப்பக் கொடுத்த உருளை அன்றே திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க உருளைக்கும் ஐரோப்பிய உருளைக்கும் திருகு வேறு. நிரப்பும் இடத்தில் பொருந்தும் இணைப்பு இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். ஒரு நாள் மட்டுமே தங்குபவர்களுக்கு நம்பகமான வழி, ஐரோப்பா முழுக்கக் காலிக்கு நிறைந்ததை மாற்றிக்கொடுக்கும் 2.75 கிலோ நீல கேம்பிங்காஸ் உருளைக்கு ஏற்ற ரெகுலேட்டரை முன்பே வைத்திருப்பது. நான்கு பேருக்குச் சிக்கனமாகச் சமைத்தால் ஓர் உருளை பத்து, பன்னிரண்டு நாள் வரும். இரண்டு இருந்தால் பயம் இல்லை. புதிய உருளை மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சலவை. கடல்நீர் பட்ட துணியில் உப்பு இருக்கும்வரை அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் உலர்த்தினாலும் ஈரம் போகாது. அதனால் முதலில் படுக்கை விரிப்பும் தலையணை உறையும், பிறகு உள்ளாடைகள், கடைசியில் மற்றவை. நான்கு பேருக்கு மூன்று அல்லது நான்கு இயந்திரச் சுமை வரும். ஒரே நேரத்தில் பத்துப் படகுகள் வந்து சேரும் நாளில் வரிசை நீளும். அலுவலக வேலை முடிந்த கையோடு மூட்டையைக் கொடுத்துவிடுங்கள். மழைக்கோட்டுகளை இயந்திரத்தில் போட வேண்டாம். நன்னீர்க் குழாயில் அலசி, நிழலில் தொங்கவிட்டால் போதும்.

மூன்றாவது, உதிரிபாகமும் பாய்த் தையலும். கிழிந்த பாயைக் காலையிலேயே இறக்கி, கிழிசலுக்குச் சாக்பீஸால் வட்டமிட்டு, நன்னீர் ஊற்றி உப்பைப் போக்கிக் கொடுங்கள். உப்பேறிய துணியில் ஒட்டுத்துணி பிடிக்காது. கடைகள் பொதுவாக 12:30-க்கோ ஒரு மணிக்கோ மூடி 2 மணிக்குத் திறக்கும். சனி மதியத்துக்கு மேலும் ஞாயிறும் பல கடைகள் திறக்கா.

சுவரில் ஓவியம் தீட்டும் எண்ணம் இருந்தால் அதன் அடிப்பூச்சையும் காலையிலேயே முடிக்க வேண்டும். அதற்குத் தனியாக வருவோம்.

மதியம்: மாஸ்ட் உச்சி

கடை மூடும் இந்த ஒன்று, ஒன்றரை மணி நேரம் கயிறுகளுக்கும் கம்பிகளுக்கும். ஒரு குறிப்பு: 15 நாள் கடலில் இருந்த உடலுக்கு நிலம் ஆடுவதுபோல் இருக்கும், ஓரிரு நாளில் தானே அடங்கும். குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது தூங்கியவர்தான் மேலே ஏற வேண்டும். மாஸ்ட்டின் மேல் போகும் இருக்கையை பாயை ஏற்றும் கயிறுகளான ஹால்யார்டுகள் இரண்டில் தொங்கவிடுங்கள். ஒன்று தூக்க, மற்றொன்று காவலுக்கு. இரண்டையும் பௌலைன் முடிச்சால் கட்டுங்கள், தானாகத் திறக்கக்கூடிய ஷாக்கிளை (உலோகக் கொளுவி) நம்பாதீர்கள். கருவிகள் ஒவ்வொன்றுக்கும் கயிறு வேண்டும். பக்கத்துப் படகின் தளத்தில் விழும் ஸ்பேனர் ஆளைக் கொல்லும்.

உச்சியில் பார்க்க வேண்டியது: ஹால்யார்டு கப்பி மேல் உட்காரும் இடம். பதினைந்து நாளும் பாய் ஒரே உயரத்தில் இருந்திருந்தால் கயிறு ஒரே இடத்தில் உராய்ந்து, மேலுறை பஞ்சாகியிருக்கும். நுனியில் 20 சென்டிமீட்டர் வெட்டி மறுபடி முடிந்தால் உராயும் இடம் மாறிவிடும். புதுக் கயிறு வாங்கும் செலவை ஒரு வெட்டு தள்ளிப்போடும். அடுத்து, பக்கக் கம்பிகள் முனைக்குழலுக்குள் நுழையும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். 19 புரியில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது. ஒரு புரி அறுந்தால் மீதிக்கு அதே களைப்பு ஏறியிருக்கிறது என்று பொருள். முனைக்குழலில் தலைமயிர் விரிசலோ நீளவாக்கில் துரு வரியோ தெரிந்தாலும் அப்படியே. பழுது பெரிதென்றால் 'ஒரு நாள்' திட்டத்தை அங்கேயே கைவிடுங்கள். அதனால்தான் இந்தச் சோதனையை மாலைக்குத் தள்ளக் கூடாது. குறை தெரிந்த பின் கடை திறந்திருக்க வேண்டும்.

கீழே இறங்கியதும் திருகுகளின் பூட்டூசிகள், சுக்கான் கம்பிகளின் இழுவிசை, பாயின் பின்விளிம்புத் தையல். நூல்தான் வெயிலில் முதலில் சாகும், துணி அல்ல.

எஞ்சினைச் சூடாக்கி எண்ணெய் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கடைசியாக மாற்றி 100 முதல் 150 மணி நேரம் ஓடியிருந்தால் இங்கே மாற்றுங்கள், பழைய எண்ணெயை மரினாவின் கழிவுத் தொட்டியில் ஒப்படையுங்கள். குளிர்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் ஓர் இதழ் குறைந்தால் புதிதைப் போட்டால் மட்டும் போதாது. உடைந்த துண்டு வெப்பமாற்றியின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்காவிட்டால் இரண்டு நாளில் எஞ்சின் கொதிக்கும்.

தண்ணீர், மின்சாரம், டீசல்

தண்ணீரில் கணக்கு இப்படி: ஓர் ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 லிட்டர். ஃபால்மத்துக்கு 10 அல்லது 11 நாள். பாதியளவு கூடச் சேர்த்து 16 நாள். நான்கு பேருக்கு 256 லிட்டர். இதில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனிக் கேன்களில் வையுங்கள். தொட்டியில் விரிசல் விழுந்தாலோ உப்புநீர் கலந்தாலோ உயிர் காப்பது அந்தக் கேன்கள்தான். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒரு வாய் சுவைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் விடுங்கள். கிருமிநீக்கம் வேண்டுமென்றால், வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச் 100 லிட்டருக்கு 10 மில்லி. கலந்து அரைமணி நேரம் விடுங்கள். நிரப்பும் மூடி எது தண்ணீருக்கு, எது டீசலுக்கு என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் பார்த்து உறுதி செய்யட்டும். குழம்புவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் களைப்பில் இது நடக்கிறது, நடந்தால் ஒரு வாரம் போகும்.

கரை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊரில் உள்ளதுதான். அமெரிக்கப் படகு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதால் நேராகச் செருகக் கூடாது. முதலில் படகின் பிரேக்கரை அணையுங்கள். கம்பியைப் படகுப் பக்கம் மாட்டிய பின் கரையில் செருகுங்கள். மின்துருவம் மாறியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை என்று பார்த்து பிரேக்கரைப் போடுங்கள். கம்பியைச் சுருளாக வைக்காதீர்கள், முழு மின்னோட்டத்தில் சுருள் சூடேறி உருகும். 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். வெந்நீர்க் கொதிகலன் 1200, கெட்டில் 2000, மின்கலச் சார்ஜர் 500 என மூன்றும் சேர்ந்தால் எல்லை தாண்டிப் பெட்டி துண்டிக்கும். காப்புக் கருவி இல்லாத படகு பல நாள் செருகியே இருந்தால், அண்டைப் படகுகளோடு மண்கம்பி வழியே இணைந்து அடியிலுள்ள துத்தநாகக் கட்டிகள் வேகமாகக் கரையும். ஒரு நாளில் பெரிய சேதம் இல்லை.

டீசல் பம்ப் வரவேற்பு மேடையை ஒட்டி உள்ளது. வந்தவுடன் பின்னால் வரிசை இல்லையென்றால் அப்போதே நிரப்புங்கள், இல்லையென்றால் கிளம்பும் காலையில். சொல்ல வேண்டிய சொல் 'கசோலியு'. 'கசோலினா' என்றால் பெட்ரோல். ஓர் எழுத்துத் தவறு எஞ்சினை அழிக்கும், எனவே பம்பின் மேல் உள்ள பெயரையும் படியுங்கள். நீரையும் தூசியையும் பிரிக்கும் வடிபுனல் வழியாக, 95 சதவீதம் வரை மட்டும். அசோர்ஸ் உயரழுத்தத்தின் நடுவே காற்றில்லாமல் மாட்டினால் இரண்டு நாள் எஞ்சினில் ஓட வேண்டி வரலாம். 30 குதிரைத்திறன் எஞ்சின் மிதவேகத்தில் மணிக்கு 2.5 லிட்டர் குடித்தால் 48 மணிக்கு 120 லிட்டர்.

சந்தை

அட்டைப்பெட்டி எதுவும் படகில் ஏறக் கூடாது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை வரும். எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து, காய்களைக் கழுவி, முழுக்க உலர்த்தி ஏற்றுங்கள். ஈரத்தோடு வைத்த முட்டைக்கோஸ் மூன்றாம் நாள் நாறும், உலர்ந்தது மூன்று வாரம் வரும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் எதிரெதிர் மூலையில். தக்காளியைக் காய், செங்காய், பழம் என்று மூன்று தரத்தில் பொறுக்குங்கள். முட்டை குளிர்ப்பெட்டியில் வைக்கப்படாததாக இருக்க வேண்டும். ஒருமுறை குளிர்ந்து வெளியே வந்த முட்டை வியர்த்துச் சீக்கிரம் கெடும்.

இங்கே தவறவிடக் கூடாதது பக்கத்துத் தீவான சாவ் ஜோர்ஜின் பாலாடைக்கட்டி. குறைந்தது மூன்று மாதம் பழுக்க வைத்த, கெட்டியான, காரசாரமான கட்டி. குளிர்ப்பெட்டி இல்லாமலே இங்கிலாந்து வரை வரும். இரண்டு கிலோ வாங்குங்கள். முதல் மூன்று நாளுக்கு ரொட்டியும், ஒரு வேளைக்குத் தீவின் மாட்டிறைச்சியோ மீனோ போதும். புதிதாகக் கிளம்பும் முதல் இரவில் யாரும் சமைக்க மாட்டார்கள். அன்றைய உணவைக் கரையிலேயே சமைத்து மூடிவையுங்கள்.

சுவர் ஓவியம்

மரினாவின் சுவரும் நடைபாதையும் வந்துபோன படகுகளின் ஓவியங்களால் நிறைந்திருக்கும். படகின் பெயர், ஆண்டு, ஆட்களின் பெயர், ஒரு சின்னம். வரையாமல் போனால் பயணம் நல்லபடி முடியாது என்பது மாலுமிகள் நம்பிக்கை. நம்பாதவர்களும் வரைந்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒரு நாளில் முடிக்க ஒரே வழி, மூன்று தடவையாகச் செய்வது. காலையில், படிக்க முடியாத அளவு மங்கிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெயர் தெரியும் ஓவியத்தின் மேல் ஒருபோதும் பூசாதீர்கள். 60 சென்டிமீட்டருக்கு 80 போதும். இரும்புத் தூரிகையால் தேய்த்து, நன்னீரில் உப்பைக் கழுவி, உலர்ந்ததும் வெள்ளை அடிப்பூச்சு. மதியத் தூக்கத்துக்குப் பின் பின்னணி நிறம். மாலை வெயில் சாய்ந்ததும் எழுத்தும் சின்னமும். வெளிச்சுவர்களுக்கான அக்ரிலிக் 250 மில்லி டப்பா நான்கு நிறமும், மறைப்பு டேப்பும், எழுத்துக்கு முன்பே கடலில் வெட்டிவைத்த அட்டை அச்சும் இருந்தால் வேலை எளிது. ஃபயாலில் மழை சொல்லாமல் வரும். ஒரு பழைய தார்ப்பாயை அருகில் வையுங்கள். அடிப்பூச்சு இல்லாமல் கான்கிரீட்டில் நேராகப் பூசியது அடுத்த குளிர்காலத்தில் உரிந்துவிடும்.

மாலை

தீவைச் சுற்ற ஆசை வரும். மேற்கு முனையில் கபெலின்யோஸ் உள்ளது. 1957 செப்டம்பர் முதல் 1958 அக்டோபர் வரை கடலடியில் வெடித்து, சாம்பலில் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பாதி புதைத்த எரிமலை. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் டாக்சியில் போய்வர அரைநாள் ஆகும். ஒற்றை நாளில் அதைச் சேர்த்தால் மேலே சொன்ன ஏதாவது ஒன்று விடுபடும். 2351 மீட்டர் பிக்கோ மலையேற்றம் பேச்சுக்கே இடமில்லை. பதிலாக, நடந்தே போகும் தூரத்திலுள்ள போர்த்து பிங் கடற்கரையும் அதை அடுத்த கியா குன்றும் போதும். கால்களுக்கு நடை திரும்பும்.

பிறகு துறையை நோக்கிய 'பீட்டர் கஃபே ஸ்போர்ட்'. 1918 முதல் ஒரே குடும்பம் நடத்தும் இடம், மாலுமிகளுக்கு வந்த கடிதங்களை வாங்கிப் பத்திரப்படுத்திக் கொடுத்துப் பேர் பெற்றது. கூரையெங்கும் படகுகள் விட்டுச்சென்ற கொடிகள். அடுத்த கட்டப் பாதையில் போய்வந்தவர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை. மாடியில் திமிங்கலப் பல்லில் செதுக்கிய ஓவியங்களின் அருங்காட்சியகம் உண்டு. பாருங்கள், ஆனால் எங்கேயும் திமிங்கலப் பல் வாங்காதீர்கள், எல்லை கடத்துவது குற்றம். குடித்துவிட்டு இருட்டில் மூன்று படகுகளைத் தாண்டி வரும்போதுதான் ஆட்கள் இடுக்கில் விழுகிறார்கள். தலைவிளக்கும், படகோரம் தண்ணீர்வரை இறங்கும் ஏணியும் இருக்கட்டும்.

கிளம்பும் காலை

வானிலைப் படத்தில் முதலில் உயரழுத்தத்தின் மையம் எங்கே என்று பாருங்கள். இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் நேர்க்கோடு பிடிக்காமல், மேற்குக் காற்று கிடைக்கும்வரை வடக்கே ஏறி, பிறகு கிழக்கே திரும்புவார்கள். லிஸ்பன் போகிறவர்களுக்கு, போர்த்துகல் கரையை நெருங்கும்போது கோடையின் வலுவான வடகாற்று பக்கவாட்டில் அடிக்கும். அதனால் கடைசி 200 மைலில் தெற்கே தள்ளப்படாதபடி வடக்கே சற்று இடம் வைத்துக்கொள்ள வேண்டும். 2020 முதல் ஸ்பெயின், போர்த்துகல் அடங்கிய ஐபீரியக் கரையோரம் ஓர்க்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) பாய்மரப் படகுகளின் சுக்கானை மோதி உடைத்து வருகின்றன. அண்மைச் சந்திப்புகளின் வரைபடத்தை இணையம் கிடைக்கும்போதே இறக்கிவையுங்கள்.

மரினா கட்டணம், வெளியேறும் பதிவு, எரிவாயு உருளை, சலவை மூட்டை: நான்கையும் டிக் போடுங்கள். பிறகு கரைப் பக்கச் செருகியை முதலில் பிடுங்குங்கள், படகுப் பக்கத்தைப் பின்னர். உள்ளே நிற்கும் படகிடம் கிளம்பும் நேரத்தை முந்தைய இரவே சொல்லியிருப்பீர்கள். வெளிப்படகின் கரைக்கயிறுகளை அவர்களே அவிழ்க்க, பின்புறத்தை முதலில் தள்ளி, எஞ்சின் குளிர்நீர் வெளியேறுகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்து, பின்னோக்கி மெதுவாக வெளியே வாருங்கள். ஃபென்டர்களைச் சுவரைத் தாண்டியதும் உள்ளே எடுங்கள், நங்கூரத்தைக் கட்டுங்கள். நீரிணையில் காற்று பிக்கோ மலையைச் சுற்றி வளைந்து திடீரென்று பலக்கும். பெரிய பாயை ஒரு மடிப்புக் குறைத்தே ஏற்றுங்கள்.